மூன்று பத்துக்கு வந்த மெஷின்

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றியதும் முதலில் விழுந்தது ஒரு கரப்பான் பூச்சியின் கால். அப்புறம் இன்னொன்று. உள்ளே காற்றாடியின் இறக்கைகளில் தூசியும் தலைமுடியும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பிக்கிடந்தது. சீச்சீ, கர்மம் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு, மூச்சை அடக்கிப் பழைய பல்துலக்கியால் சுரண்ட ஆரம்பித்தார் சர்வர்.

சர்வர் என்பது சொந்தக்காரர்கள் வைத்த பெயர். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறது அவர் பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் இந்தப் பெட்டிதான் எல்லாம். யாரோ வேண்டாமென்று தூக்கிப்போட்ட கம்ப்யூட்டரைச் சீர்செய்து, துணி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து, ராத்திரி பகல் அணைக்காமல் ஓடவிட்டு, அதில் குடும்பத்துக்கென்று ஒரு வலைத்தளம் நடத்தி வந்தார். மச்சினன் பிள்ளைகள் அவரைப் பார்த்தாலே, சர்வர், ரெண்டு டம்ளர் தண்ணி கொண்டாங்க என்று கிண்டல் செய்யும். அவருக்குச் சிரிப்பு வராது.

அவருக்குப் பொதுவாக எதிலுமே சிரிப்பு வராது, குமட்டல்தான் வரும். பதினேழு வருஷத்தில் ஏழு ஆபரேட்டிங் சிஸ்டம் மாற்றியவர். ஒவ்வொன்றையும் புது மாப்பிள்ளை மாதிரி மரியாதையாக வீட்டுக்குள் அழைத்து வருவார். ஆறே மாதத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார். ஒன்று, இவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே கேட்காமல் கொள்ளாமல் தன்னைத்தானே அணைத்து மறுபடி போட்டுக்கொண்டது. இன்னொன்று, கணக்குப்போடும் கட்டத்துக்குப் பக்கத்தில் செருப்பு விளம்பரம் காட்டியது. மூன்றாவது இவர் பிறந்த தேதியைக் கேட்டது. நான் பிறந்தா உனக்கென்ன, செத்தா உனக்கென்ன என்று அன்றைக்கே அதைத் துடைத்தெறிந்தார். இப்போது இருக்கிறது இலவசமானது, விளம்பரம் இல்லாதது. ஆனால் பிரிண்டரைக் கண்டால் மட்டும் அதற்கு ஆகாது.

இன்டர்நெட்டில் பெரிய கம்பெனிகள் தருகிற இலவச இடத்தில் படம் போட்டு வைக்கிறவர்களைக் கண்டாலும் அவருக்கு வயிற்றைப் புரட்டும். எவன் வீட்டுப் பரணிலோ நம்ம பெட்டியைக் கொண்டுபோய் வைக்கிறதா, சொரணை வேண்டாமா என்பார். மனைவி, மச்சினன், தங்கை மகள் என்று ஒவ்வொருவரையும் பிடித்து உலுக்கினார். எல்லாரும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பழையபடியே இருந்தார்கள். சொன்னதை அப்படியே கேட்டது ஒரே ஒரு ஆள், அவருடைய அக்கா.

அக்காவுக்கு அந்தப் பெட்டியில் ஒரு பொருள் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவள் புருஷனுக்குத் தொண்டையில் கெட்ட கட்டி வந்து, குரல்வளையையே எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் முழுக்க அக்கா போனை அவர் முன்னால் வைத்து, எதையாவது பேசுங்க, சும்மா பேசுங்க என்று பதிவு செய்தாள். மனுஷன் பிழைத்துக்கொண்டார். இப்போது கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, வேண்டியதை நோட்டில் எழுதிக் காட்டுகிறார். அந்தக் குரலைத்தான் அக்கா தம்பியிடம் ஒப்படைத்தாள். போனெல்லாம் ஒரு சாமானா, தண்ணியில விழுந்தா போச்சு என்று சர்வர் எல்லாவற்றையும் தன் பெட்டிக்கு மாற்றிக்கொண்டு, போனில் இருந்ததைத் தன் கையாலேயே அழித்தார்.

ஒவ்வொரு பதிவுக்கும் அக்கா ஆசை ஆசையாக நீளமான பெயர் வைத்திருந்தாள். இடைவெளி விட்டு எழுதிய கோப்புப் பெயர்களைக் கண்டால் சர்வருக்கு ஆகாது. ஒரு சின்ன நிரலை ஓட்டி எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டுவிட்டார். கடவுச்சொல் கேட்டால் அக்கா தடுமாறுவாள் என்று அந்தப் பகுதிக்குப் பூட்டே போடவில்லை. அவள் அதிகமாகக் கேட்கிற பதிவுக்கு மட்டும் அவள் போனில் ஒரு படம் வைத்துக் கொடுத்தார். அதைத் தொட்டால் நேராக அந்தக் குரல். அதை அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சு, நமக்கெதுக்கு என்று விட்டுவிட்டார்.

பூட்டில்லாத வீட்டுக்கு யார் யாரெல்லாம் வருவார்கள்? சாயங்காலம் கடையிலிருந்து வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கு எந்தெந்த இன்டர்நெட் முகவரியிலிருந்து யார் வந்து எதைக் கேட்டார்கள் என்ற பதிவைப் படிப்பதுதான் சர்வருக்குச் செய்தித்தாள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மெஷின்கள். உலகத்தில் எந்த மூலையிலோ எவனோ ஏவிவிட்டது, வந்து கதவைத் தள்ளிப் பார்க்கும், ஜன்னலைத் தள்ளிப் பார்க்கும், ஆயிரம் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்க்கும், பிள்ளைகளின் படங்களை மூட்டை கட்டிக்கொண்டு போகும். சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிற மாதிரி இருக்கும் அவருக்கு. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வாசலிலேயே தடுத்து நிறுத்துவார். அதில் மட்டும் கொஞ்சம் சந்தோஷம் உண்டு.

அப்படித்தான் ஒருநாள் அந்த முகவரி கண்ணில் பட்டது. தெரியாத முகவரி; சொந்தக்காரர்கள் வீட்டு முகவரியென்றால் அவர் பார்க்காமலேயே தாண்டிவிடுவார். தினமும் மத்தியானம் மூன்று பத்துக்கு வருகிறது. முகப்புப் பக்கத்தைப் பார்க்கவில்லை, படம் பார்க்கவில்லை, நேராக 0417 என்ற ஒரே கோப்பைக் கேட்கிறது, துண்டு துண்டாக எடுக்கிறது, போய்விடுகிறது. மறுநாள் அதே மூன்று பத்து, அதே கோப்பு. எந்த மனுஷன் இப்படி வருவான்? மணியடித்தால் எழுந்து வருகிற மெஷின்தான் என்று முடிவு கட்டினார். 0417 என்ன கோப்பென்று திறந்துகூடப் பார்க்கவில்லை. தடை போட்டார்.

வெறும் தடையோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்த வாரம் அவர் ஏற்கெனவே வெந்து போயிருந்தார். இரண்டு நாளைக்கு முன் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, இந்தப் பெட்டி போடுற சத்தத்துக்கு ஒரு மாவு மிஷினே வெச்சிருக்கலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சர்வர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டார். அந்த எரிச்சலெல்லாம் விரலில் இறங்க, தடுக்கப்பட்ட மெஷின்கள் வந்தால் காட்டுவதற்கென்று கறுப்புப் பக்கத்தில் சிவப்பெழுத்தில் நாலு வரி எழுதி வைத்தார். மெஷினுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன? அவர் மனசு ஆற எழுதிக்கொண்டது அது.

அது நிற்கவில்லை. மறுநாளும் மூன்று பத்துக்கு வந்தது, திட்டு வாங்கிக்கொண்டு போனது. அதற்கடுத்த நாளும் வந்தது. வெட்கங்கெட்ட ஜென்மம், எத்தனை வாங்கினாலும் வருது பார் என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு மாதம் கழித்து, இன்னும் காரமாக ஒரு வரி சேர்த்தார்.

இதற்கிடையில் அக்கா வீட்டுப் பக்கமே வருவதில்லை. வாரம் ஒருமுறை வருகிறவள் இரண்டு மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. மனைவி போன் செய்தால், வேலை இருக்கு என்று இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறாள். சொல்றதையும் சொல்லிட்டு முறுக்கிக்கிறதும் அவளா, நல்லாயிருக்கே நியாயம் என்று சர்வர் குதித்தார். கூடப் பிறந்ததுகளே இப்படித்தான், காரியம் ஆகிற வரைக்கும்தான் தம்பி என்றார். மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, உங்க அக்கா உங்க மேல கோவமா இல்ல, உடைஞ்சு போயிருக்காங்க, குரலைக் கேட்டாலே தெரியுது, போய் என்னன்னு கேட்டுட்டு வாங்க என்று லீவு நாளில் செருப்பை எடுத்து வாசலில் போட்டாள்.

போகும் வழியெல்லாம் எரிச்சல்தான். மாடிப்படியில் எவனோ வெற்றுப் பாட்டிலை உருட்டிவிட்டிருந்தான், கைப்பிடி பிசுபிசுத்தது. கதவைத் திறந்த அக்கா ஒரு நொடி அவரையே பார்த்தாள்.

"வாங்க" என்றாள்.

சர்வருக்குச் சுருக்கென்றது. நாற்பத்தெட்டு வருஷத்தில் அவரை டா போடாமல் அவள் கூப்பிட்டதில்லை. உட்காருங்க என்றாள், தண்ணி குடிக்கிறீங்களா என்றாள். வழிப்போக்கனுக்குக் கொடுக்கிற மாதிரி டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். மாமா உள் அறையில் தூங்குகிறார் என்றாள். அலமாரிக்கு மேல் புதிதாக ஒரு இன்டர்நெட் பெட்டி பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தது. எப்ப மாத்தினே என்று பேச்சுக்குக் கேட்டார். ரெண்டு மாசம் ஆச்சு, பழைய லைன் அடிக்கடி செத்துப்போச்சு, கம்பெனியை மாத்தியாச்சு என்றாள் அவள்.

அப்போதுகூட அவருக்கு உறைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

அக்கா உள் அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தாள். போனை எடுத்தாள். "இந்த நேரத்துலதான் அவர் தூங்குவார். அவர் முன்னால கேக்க முடியாது பாருங்க" என்றாள். அந்தப் படத்தைத் தொட்டு, போனை அவர் பக்கம் திருப்பி மேஜையில் வைத்தாள்.

கறுப்புப் பக்கம். சிவப்பெழுத்து.

மானங்கெட்ட ஜென்மமே, மறுபடியும் வந்துட்டியா? உனக்கு இங்கே ஒண்ணும் கிடையாது. திருடித் தின்ன வந்த நாயே, வாசலை விட்டு இறங்கு. எத்தனை தடவை துரத்தினாலும் சொரணையே கிடையாதா? த்தூ.

"கடைசி வரி முதல்ல இல்ல. அப்புறம் சேத்தீங்க" என்றாள் அக்கா.

புது லைன், புது முகவரி, மூன்று பத்து, ஒரே கோப்பு என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சர்வரின் மண்டையில் விழுந்தது. அக்கா, அது உனக்கு எழுதினது இல்ல, மெஷினுங்க வரும், திருட்டு மெஷினுங்க, அதுங்களுக்கு எழுதினது என்று என்னென்னவோ உளறினார். லைன் மாறினதில் உன் முகவரியும் மாறினது தெரியாது என்றார். தினமும் ஒரே நேரத்துக்கு வந்ததால் மெஷின் என்று நினைத்தேன் என்றார். சொல்லச் சொல்ல அந்த விளக்கம் அவருக்கே நாறியது.

அக்கா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். சரி, அப்படியே இருக்கட்டும் என்றாள். நம்பினாளா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே அக்கா."

"மாவு மிஷின்னு சொன்னதுக்குத்தான் எழுதியிருக்கான்னு நெனச்சேன். கேட்டா, ஆமான்னு சொல்லிட்டா? அதைக் காதால வேற கேக்கணுமா?" அவள் போனின் ஓரத்தைத் தடவினாள். "கோவம் தணிஞ்சிருக்கும், இன்னைக்கு எடுத்திருப்பான்னு தினமும் ஒரு தடவை அமுக்கிப் பாப்பேன். படிச்சிட்டுப் போய்ப் பாத்திரம் கழுவுவேன்."

சர்வர் தன் போனை எடுத்தார். வீட்டுப் பெட்டிக்குள் நுழைந்து தடையை நீக்கினார். திட்டுப் பக்கத்தை அழித்தார். அரை நிமிஷ வேலை. இப்ப அமுக்கு என்றார்.

மாமாவின் குரல் வந்தது. கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். ஆஸ்பத்திரி நாற்காலி இடுப்பை ஒடிக்கிறது என்றது, சமையலறைக் குழாய் ஒழுகுவதை நான் வருகிறவரை யாரும் தொடக்கூடாது என்றது. அப்புறம் சற்று நிறுத்தி, இதையெல்லாம் எங்க வெச்சுக்கப் போறே என்று கேட்டது. பதிவுக்குள்ளிருந்த அக்கா சிரித்தாள்.

"தம்பிகிட்ட குடுத்துருவேன். அவன் வீட்டுக்கு நான் எப்ப வேணாலும் போலாமே. வாசல்ல நிறுத்தி யாருன்னு கேக்கப் போறானா என்னை?"

உள் அறையில் கட்டில் கிறீச்சிட்டது. அக்கா சட்டென்று சத்தத்தை அடக்கினாள்.

அக்கா, என்னை ரெண்டு அறை அறைஞ்சுடேன் என்றார் சர்வர். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது, ஆனால் பேச்சு கலங்கவில்லை.

"இதையெல்லாம் என் போன்லயே திரும்பப் போட்டுக் குடுத்துடுங்க. பழைய பேரோட."

பழைய பெயர்கள் அவரிடம் இல்லை. ஒவ்வொன்றாக அவள் சொல்லச் சொல்ல அவரே தட்டினார், இடைவெளி விட்டு, அவள் வைத்த நீளத்திலேயே. முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போது அக்கா வாசல் வரை வந்தாள். போயிட்டு வாங்க என்றாள்.

மறுநாள் சாயங்காலம் டீ ஆறிக்கொண்டிருக்க, சர்வர் யார் யார் வந்தார்கள் என்ற பதிவைத் திறந்து மூன்று மணிக்கு மேல் தேடினார். மூன்று எட்டுக்கு ஒன்று கதவைத் தள்ளியிருந்தது. மூன்று ஒன்பதுக்கு ஒன்று கடவுச்சொல் போட்டுப் பார்த்திருந்தது. மூன்று பத்தில் ஒன்றுமில்லை. மூன்று பதினொன்றுக்கு மறுபடி ஆரம்பித்திருந்தன. மேலே போனார், கீழே வந்தார், அன்றைக்கு முழுக்கப் பார்த்தார். எல்லாமே மெஷின்தான்.