அந்த நம்பர் என்னுடையதுதான்

பாதி முகம் சவரம் முடிந்து, மீதிப் பாதி நுரையோடு இருந்தபோது போன் அடித்தது. பூனைக் கேஸாகத்தான் இருக்கும் என்று ஈரக்கையோடு ஓடினேன். எனக்கு வருகிற போன் எல்லாம் பூனைக் கேஸ்தான். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை மகன். அன்றைக்குச் செவ்வாய்.

நான் பூனை வளர்த்தவன் இல்லை. சொல்லப்போனால் பூனையைக் கண்டாலே எனக்கு ஆகாது. முப்பத்தோரு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் யாரோ கூப்பிட்டு, "சார், எங்க பூனை கட்டிலுக்கு அடியிலேருந்து வரவே மாட்டேங்குது" என்றார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். மறுநாள் வேறொருவர். அதற்கு மறுநாள் இரண்டு பேர். யாரோ ஒரு பெண்மணி பூனை வளர்ப்பைப் பற்றி இணையத்தில் ஒரு தளம் நடத்துகிறாள், அதன் பெயரைப் பதிவு செய்யும்போது தன் நம்பரைக் கொடுக்க மனசில்லாமல் கைக்கு வந்த எண்களைத் தட்டிவிட்டாள், அது என் நம்பராகப் போய்த் தொலைந்தது என்பதெல்லாம் மெல்ல மெல்லத்தான் புரிந்தது. பதிவில் இருந்த நம்பரைத் தளம் தானாகவே எடுத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் பொடி எழுத்தில் போட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியாது போலிருந்தது.

நாலு நாள் கத்தினேன். ஐந்தாம் நாள் ஒரு ஆள் கூப்பிட்டு, பூனை காணாமல் போய்விட்டது என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியிலேயே அழுதுவிட்டார். போனை வைக்க முடியவில்லை. லிப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் மூடிய கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுத்தே பழகியவன் நான். உள்ளே இருப்பவருக்கு நம் முகம் தெரியாது, குரல்தான் எல்லாம். "பதறாதீங்க, உக்காந்துக்குங்க, நான் இங்கதான் நிக்கறேன்" என்று அதே குரல் தானாக வந்துவிட்டது. அவர் இருபது நிமிஷம் பேசினார். வைத்த பிறகு பார்த்தால், அந்த வாரத்தில் நான் ஒரு மனுஷனோடு பேசியதே அவ்வளவுதான். மனைவி போனபிறகு வீடு அப்படி.

அப்புறம் அந்தத் தளத்தை ஒரு பக்கம் விடாமல் படித்துக் குறிப்பெடுத்தேன். கேட்பவர்களுக்கு அதிலிருந்தே சொன்னேன். மருந்து கிருந்து மட்டும் சொல்ல மாட்டேன், டாக்டரிடம் காட்டுங்கள் என்பேன். சிலர் பூனை தேறியதும் திரும்பக் கூப்பிட்டுச் சொல்வார்கள். அன்றைக்கெல்லாம் எனக்கு நடையே வேறு மாதிரி இருக்கும்.

இதைக் கெடுத்தது என் மகன். வேலைக்காக எங்கேயோ தூரத்தில் இருக்கிறான். ஞாயிறு காலையில் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்பான்: சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, நடக்கப் போனீங்களா, வேற ஒண்ணுமில்லையே. போன மாதம் அவனோடு பேசும்போது இன்னொரு அழைப்பு வந்தது. "இருடா, ஒரு பூனைக் கேஸ்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கிண்டிக் கிளறி எல்லாவற்றையும் வாங்கிவிட்டான்.

"அப்பா, பதிவுல பொய் நம்பர் குடுக்கறதே தப்பு. நான் ஒரு புகார் போட்டுடறேன்."

"அதெல்லாம் எதுக்குடா? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

"உங்களுக்கு இதெல்லாம் தெரியாது. நான் பாத்துக்கறேன், விடுங்க."

பார்த்துக்கொண்டான். தங்கமான பிள்ளை, ஆனால் பாசத்தைப் படிவம் நிரப்பித்தான் காட்டுவான். எனக்கு அந்தத் தொல்லை வேண்டும் என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை அழைத்தது தளங்களின் பெயரைப் பதிவு செய்து கொடுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு பெண். புகார் வந்திருப்பதைச் சொல்லி, இது உங்கள் நம்பர்தானா என்று கேட்டாள்.

"என் நம்பர்தான்."

"அப்ப அந்தத் தளம் உங்களோடதா சார்?"

ஒரு நொடிதான் யோசித்தேன். "ஆமா."

"பதிவுல லேடீஸ் பேரு இருக்கே?"

"என் சம்சாரம் பேரும்மா அது."

"ஓ, சரி சார். அவங்ககிட்ட ஒரு நிமிஷம் குடுங்க. பேரை அவங்க வாயால சொன்னாப் போதும்."

பொய் அதுவரை வழுக்கிக்கொண்டு வந்தது, அங்கே நின்றுவிட்டது. கன்னத்தில் நுரை காய்ந்து இழுத்தது. ஒரு நிமிஷம் அவளிடம் கொடு என்றுதானே மூன்று வருஷமாக நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

"இல்லம்மா. அவ இல்ல. போய்ச் சேந்துட்டா. அந்தத் தளம் எங்களோடது இல்ல, நான் சும்மா சொன்னேன்."

அந்தப் பெண் கோபப்படவில்லை. "பரவால்ல சார்" என்று மெதுவாகச் சொன்னாள். தளம் நடத்துகிற அந்த அம்மாவை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"மெயில் அனுப்புவோம். பதினஞ்சு நாள் டைம். சரியான விவரம் குடுத்துட்டா ஒண்ணுமில்ல. பதிலே வரலன்னா பேரை நிறுத்திடுவோம், தளம் தெறக்காது. அப்புறம் கேன்சல்கூட ஆகலாம்."

"பாவம், பயந்துகிட்டு மாத்திக் குடுத்திருந்தா?"

"வெளியில தெரியாம மறைச்சு வெக்க வழி இருக்கு சார். ஆனா எங்ககிட்ட குடுக்கறது நெஜமா இருக்கணும்."

அன்றிலிருந்து தினமும் தளத்தைத் திறந்து அடியில் பார்ப்பேன். என் நம்பர் அப்படியே இருக்கும். அப்பாடா என்று இருக்கும், உடனே பகீர் என்றும் இருக்கும். மெயில் முகவரியும் பொய்யாக இருந்தால் அவளுக்கு விஷயமே போயிருக்காது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் தளம் போய்விடும், அதோடு போனும் நின்றுவிடும். எச்சரித்தால் நம்பரை மாற்றுவாள், அப்போதும் போன் நின்றுவிடும். எப்படிப் பார்த்தாலும் எனக்குப் பட்டை நாமம்தான். ஆனாலும், தாயில்லாக் குட்டிக்குப் பால் புகட்டுவது எப்படி என்று அவள் எழுதிய பக்கத்தை நான் எத்தனை பேருக்குப் படித்துக் காட்டியிருப்பேன். அது அழியக் கூடாது.

பன்னிரண்டாம் நாள், வாசகர் கருத்து எழுதும் பெட்டியில் எழுதினேன். "அம்மா, பதிவில் உள்ள நம்பர் உங்களுடையது இல்லை. மூன்று நாளில் சரி செய்யாவிட்டால் தளத்தை நிறுத்திவிடுவார்கள். கம்பெனியைத் தொடர்பு கொள்ளுங்கள். உங்களைத் தேடி நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். பயந்துபோய்க் கூப்பிடுகிறார்கள்." அந்த நம்பர் என்னுடையது என்று ஒரு வரி எழுதி அழித்தேன். திரும்ப எழுதி, திரும்ப அழித்தேன்.

மறுநாள் என் கருத்தைக் காணோம். ஒரு நன்றிகூட இல்லை. அடியில் வேறொரு நம்பர் இருந்தது, பக்கத்தில், மதியம் மூன்றிலிருந்து ஐந்துவரை பேசலாம் என்று ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை மகன் ஐந்தாவதாக ஒரு கேள்வி கேட்டான். "போன் தொல்லை நின்னுதாப்பா?"

"சுத்தமா நின்னுடுச்சு."

"பாத்தீங்களா!" அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்கப்புறம் ஐந்து நாள் போன் அடிக்கவில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நல்லா இருக்கே சார் என்று திருப்பிக் கொடுத்தார். ஆறாம் நாள் மூன்று மணி அடித்து ஐந்து நிமிஷம் கழித்து அந்தப் புது நம்பருக்குப் போட்டேன். நான்தான் அந்தப் பழைய நம்பர், உங்கள் வேலையை ரெண்டு வருஷம் நான்தான் பார்த்தேன், வேறொன்றுமில்லை, சும்மா சொல்லலாம் என்றுதான், என்று சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"சொல்லுங்க" என்றாள். வயதான குரல். கதவைப் பாதி திறந்து பார்ப்பதுபோல ஒரு ஜாக்கிரதை அதில் இருந்தது.

"என் பூனை சரியா சாப்பிட மாட்டேங்குதும்மா" என்றேன்.

"அய்யோ. எத்தன நாளா?"

"அது... மூணு நாளா."

"வயசென்ன ஆகுது?"

"ஆயிடுச்சும்மா, நல்லாவே ஆயிடுச்சு."

"வீட்ல வேற பூனை இருக்கா? யாராச்சும் புதுசா வந்தாங்களா, போனாங்களா?"

"யாருமில்ல. அது மட்டும்தான்."

அவள் எதையோ எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பொய்ப் பொய்யாகச் சொல்கிறேன், அவள் அக்கறையாகக் குறித்துக்கொள்கிறாள். வைத்துவிடு என்றது மனசு. கை கேட்கவில்லை.

"இப்ப எங்க இருக்கு?"

"நாற்காலில படுத்திருக்கு."

"போனை அது மூஞ்சிகிட்ட கொண்டுபோங்க. மூச்சு எப்படிப் போகுதுன்னு நான் கேக்கறேன். நீங்க பேசாதீங்க."

நான் எழுந்து நாற்காலிக்கு முன்னால் போய் முட்டி வலிக்க மண்டியிட்டேன். காலி இருக்கையில் போனை வைத்து, அதன் மேல் குனிந்து மூச்சு விட்டேன். ஒன்று. இரண்டு. அந்தப் பக்கம் அவள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றாள்.