வேர் இல்லாத பாட்டில்கள்

இலையும் வேரும் மக்கி மண்ணில் சேர்கிற மட்கு எப்படிச் சிதையாமல் தங்குகிறது என்பதைத்தான் அவள் தன் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தாள். நாற்பது பாட்டில்களில் மண்ணை அடைத்து, நுண்ணுயிர்கள் மட்கைத் தின்னும்போது வெளிவிடும் மூச்சை வாரந்தோறும் அளப்பாள். களிமண் கலந்த பாட்டில்களில் அந்த மூச்சு ஏறக்குறைய நின்றேபோனது. களிமண்ணில் ஒட்டிக்கொண்ட மட்கை எதுவும் பிடுங்க முடியாது என்று கட்டுரை எழுதினாள். பாராட்டினார்கள்.

அதை நம்பி முதலில் இறங்கியவன் அவள் தம்பி. அவனுடையது வெறும் மணல் நிலம். ஆறு வருடமாக ஒவ்வொரு கோடையிலும் குளத்திலிருந்து களிமண்ணை வெட்டிவந்து பரப்பினான். இடுப்பு போயிற்று. கேலி செய்தவர்களிடம், எங்க அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் கோடைத் தொடக்கத்தில் அவன் முதல்தடவையாகச் சோதனைக்கு அனுப்பிய மண்ணைச் சலித்து, கருவியில் எரித்து அளந்தாள். மட்கு ஒரு பொட்டுகூட ஏறவில்லை. மூன்று தடவை அளந்தும் அதே எண்.

ஒரு சந்தேகம் தட்டியது. வேர்கள் கசியவிடும் அமிலத்தில் சில சொட்டுகளைப் பழைய களிமண் பாட்டில்களில் விட்டாள். பத்தாம் நாள் மூச்சு ஐந்து மடங்கானது. களிமண் பிடியை விட்டுவிட்டது. இத்தனை வருடமும் அவள் பாட்டில்களில் செடி மட்டும் இல்லை.

"உள்ள பூதம் கீதம் புகுந்திடுச்சாம்மா?" என்றார் கருவி காட்டிய எண்ணை எட்டிப் பார்த்த ஆய்வக உதவியாளர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தம்பிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ ஆறு வருஷமும் வீணாக்கா?"

"ஆமாடா. தப்பு என்னோடது."

"எப்ப தெரிஞ்சுது?"

"போன மாசம். இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்லலாம்னு..."

"போன மாசம் பூரா வெட்டிக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றான். குரல் உயரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சரி, வைக்கிறேன் என்று வைத்துவிட்டான்.

கட்டுரை தவறு என்று பத்திரிகைக்கு எழுதினாள். யாரும் கேட்காதபோது எதற்கு வேண்டாத வேலை என்றார் ஆய்வக இயக்குநர். அவள் அனுப்பிவிட்டாள். பதில் வரவில்லை.

அடுத்த கோடையில் தம்பியிடமிருந்து மண்ணும் வரவில்லை. அவளுக்குக் கேட்க வாயில்லை. கட்டடம் கட்ட ஆய்வகத்தின் பின்புறம் தோண்டிய குழியிலிருந்து மண் எடுத்துவந்து, பாட்டில்களில் விதை போட்டு அளக்கத் தொடங்கினாள்.