இரண்டாவது நுரை

…மெல்ல, இன்னும் மெல்ல, சத்தம் வரக்கூடாது, பியர் தொட்டியின் சுவரோடு ஒட்டி வழிய வேண்டும், உயரத்திலிருந்து கொட்டினால் காற்றுப் புகுந்து எல்லாம் நாசம் என்று வீட்டிலேயே பியர் வடிக்கிற ஜெர்மன்காரன் டீற்றர் கையால் காட்டிவிட்டு டிராம் ஓட்டப் போய்விட்டான், ஞானப்பிரகாசமும் பச்சைப்பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துகிறவர்போலத்தான் சாடியைச் சரிக்கிறார், தொட்டியின் அடியிலுள்ள குழாயைத் திறந்து மண்டியோடு ஒரு சாடி பிடிப்பது, மேலே கொண்டுபோய் ஊற்றுவது, மறுபடி கீழே குனிவது… கெல்லர், இந்த நிலவறை, குளிர்ந்துவிட்டதாம், வேலை முடியமுன்னமே ஈஸ்ட் அடியில் போய்ப் படுத்துவிட்டதாம், எழுப்பாவிட்டால் பியர் தித்திப்பாகவே நின்றுவிடுமாம். எழும்பு ராசா, எழும்பு, இப்ப என்ன நித்திரை உனக்கு… யாரோடு கதைக்கிறார் இந்த மனுசன்? மூன்று வருசத்துக்குப் பிறகு பெண்சாதி இன்று பின்னேரம் மேற்கு ஜெர்மனியில் இந்த எசன் ஸ்டேசனில் வந்து இறங்கப்போகிறாள், இவர் நிலத்துக்குக் கீழே நுரையோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறார்.

இறங்குவாள், அதில் சந்தேகமில்லை, கொழும்பிலிருந்து கிழக்குப் பெர்லின், அங்கிருந்து சுவரைக் கடந்து மேற்குப் பெர்லின், பிறகு அங்கேயே அகதி முகாம், நேற்று முகாமிலிருந்து தொலைபேசியில் அவள் குரல், “நான்தான் அன்ரனிற்றா கதைக்கிறன்… ஸ்டேசனுக்கு வருவியள்தானே?” இதென்ன கேள்வி, வராமல் எங்கே போகப்போகிறார், ஆனாலும் ஓம் என்று சொல்ல ஒரு கணம் பிந்திவிட்டது, அதை அவள் கவனித்திருப்பாளோ… மாதா கோயில் மண்டபத்தில் அகதிகளுக்கு உடுப்புக் கொடுத்த நாள் அவளுக்கென்று ஒரு பச்சைக் கோட்டு எடுத்து வைத்திருக்கிறார், கை நீளம் போதுமோ தெரியாது, அவளுடைய கை எவ்வளவு நீளம்? கண்ணை மூடிப் பார்க்கிறார், வளையல் வருகிறது, கை வரவில்லை. அறையில் கூட இருந்த யாகோப்பு தன் மெத்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு, “நான் குணசேகரத்தின்ரை அறைக்குப் போறன் அண்ணை, நீங்கள் சந்தோசமா இருங்கோ” என்று கண்ணடித்துவிட்டுப் போனான். சந்தோசமாக இருங்கோ. அதைத்தான் அவரும் சொல்லிப் பார்க்கிறார், குழாயடியில் குனிந்தபடி, சாடி நிறையும்வரை.

அவளுக்கு அப்பம் என்றால் உயிர், அதுவும் கள்ளு விட்டுப் புளிக்கவைத்த மா, விளிம்பு முறுகி நடு பஞ்சாக… இந்த ஊரில் கள்ளுக்கு எங்கே போவது? முந்தாநாள் இதே தொட்டியில் நுரை பொங்கி விளிம்புவரை வந்து நின்றபோது அவருக்குக் கண் விரிந்துவிட்டது, அட, கள்ளு முட்டியேதான், வாசம் மட்டும் வேறு. முதலில் வருகிற மண்ணிற நுரையை வழித்து எறி, பிறகு வருகிற வெள்ளை நுரையைப் போத்தலில் சேர், அதுதான் அடுத்த பியருக்கு விதை, இதுதான் டீற்றர் சொன்னது. எறியவா? இவ்வளவு நல்ல நுரையையா? கள்ளு மண்டியைக்கூட மாவில் விடுகிற சனம் நாங்கள், எறிய மனம் வருமா, ஒரு கிண்ணம் களவாக மேலே போனது, மாவும் பொங்கியது, என்னமாய்ப் பொங்கியது, சட்டியில் வார்த்து முதல் அப்பத்தை யாகோப்புவின் கையில் கொடுத்தால் அவன் முகம் கோணிப்போய், “என்ன அண்ணை, வேப்பெண்ணெய் விட்டனீங்களோ? அக்காவை வந்த ரெயிலிலேயே திருப்பி அனுப்பப் போறியள்!” கைப்பென்றால் கைப்பு, நாக்கைச் சுரண்டினாலும் போகவில்லை. டீற்றரிடம் கேட்டால் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான், பியருக்குப் போடுகிற பூவின் கைப்பெல்லாம் ஏறிக் குந்துவது அந்த முதல் நுரையில்தானாம். இப்போது மேலே குசினியில் வேறு மா, வெள்ளை நுரை விட்டது, அதைக் குளிர்தண்ணீரில் அலசித் தெளியவிட்டுச் சேர்த்தது, நல்லாய்த்தான் வரும்… வரட்டும்.

இன்னொரு சாடி. இந்த ஊரைவிட்டு வெளியே போக ஏலாது, வேலை செய்ய அனுமதியில்லை, அன்ராக், அதுதான் அகதி விண்ணப்பம், போட்டு முடிவு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கோ என்றுவிட்டார்கள், முதல் வருசம் அவருக்குப் பைத்தியம் பிடிக்காதது ஒன்றுதான் குறை, அந்த நாட்களில் அவளுக்குக் கசற்றில் பேசி அனுப்பியதெல்லாம் சத்தியம், நீ இல்லாமல் சோறு இறங்குதில்லை, ராவில் கண் மூடுதில்லை, எல்லாம் மாதா அறிய உண்மை. பிறகு கீழ்வீட்டு டீற்றர் ஒருநாள் பாரம் தூக்கக் கூப்பிட்டான், கெல்லருக்கு வந்தார், வந்தவர் வந்தவர்தான். இந்த அரைவெளிச்சம், ஈரச்சுவர், தொட்டிக்குள்ளிருந்து புளுக் புளுக் என்று வருகிற சத்தம், அதைக் கேட்டுக்கொண்டு குந்தியிருந்தால் எந்த ஊர், எந்த வருசம், தன் பெயர் என்ன, ஒன்றும் வேண்டாம், மிதக்கிறமாதிரி ஒரு சுகம்… ஆனால் கசற்றில்? கசற்றில் பழைய பாட்டுத்தான், சோறு இறங்குதில்லை, கண் மூடுதில்லை. ஏன் அப்படிச் சொன்னாய்? நான் சுகமாக இருக்கிறேன் என்று எந்தப் புருசன் சொல்லுவான், அவள் அங்கே பதுங்குகுழிக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது? அவளோ அந்தச் சோற்றை இறக்கி வைக்கவென்றே கடல் கடந்து, சுவர் கடந்து, தன்னந்தனியே வருகிறாள். வந்து பார்ப்பாள். கன்னம் வைத்து, வயிறு வைத்து, நிம்மதியாக ஒருத்தர் நிற்பார். என்னப்பா, நல்லாத்தான் இருக்கிறியள் என்பாள், சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள், அந்தச் சிரிப்புக்குத்தான் இவர் பயப்படுகிறார். அவளில் ஆசையில்லையா? ஐயோ, இல்லையென்று யார் சொன்னது… சட்டைக்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

படியில் தடதடவென்று கால்கள், யாகோப்பு, கழுத்தில் சால்வையைச் சுற்றியபடி பாதிப்படியில் நின்று குனிந்தான். “அண்ணை, ஸ்டேசனுக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். பெர்லின் ரெயில் பிந்தியாம், எல்லையிலை மறிச்சு வைச்சிருக்கிறாங்களாம். ரெண்டு மணித்தியாலம் ஆகுமாம்.”

“அப்பாடா” என்றார் ஞானப்பிரகாசம்.

சொல்லிவிட்டார். வாய்க்குள்ளிருந்து அது அவரைக் கேட்காமலே வெளியே வந்து கெல்லரின் நடுவில் நின்றது, நெஞ்சு உண்மையாகவே இளகியது, தோள் இறங்கியது, ரெண்டு மணித்தியாலம், அவள் எங்கேயோ எல்லையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பயந்துபோய் இருக்கிறாள், இவருக்கு அப்பாடா. யாகோப்பு சிரிக்கவில்லை. சால்வையை ஒருதரம் இழுத்துவிட்டுக்கொண்டு, “நான் ஸ்டேசனிலை போய் நிக்கிறன் அண்ணை, நீங்கள் ஆறுதலா வாங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறிப் போனான்.