தரையில் நான்கு ஓட்டைகள்

ஓட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. முப்பத்தெட்டு வருடம் தையல் கடை நடத்தியவள் நான். சட்டைப் பையில் ஓட்டை, தலையணை உறையில் ஓட்டை, திரைச்சீலையில் பூச்சி அரித்த ஓட்டை, எது கண்ணில் பட்டாலும் அடுத்த நிமிடம் ஊசியில் நூல் ஏறிவிடும். இந்தக் குணத்தால் எனக்கு இதுவரை நல்ல பெயர்தான் கிடைத்து வந்தது.

போன மாதம் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு பழைய கேரவன் வாங்கினோம். ஊர் சுற்றிப் பார்க்க இல்லை. மகளுக்குத் தலைப்பிரசவம். மாப்பிள்ளை கப்பலில் வேலை பார்க்கிறவர், கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். அவள் இருப்பதோ ஒற்றை அறை. கட்டிலை விரித்தால் கதவு திறக்காது. அங்கே நாங்கள் இரண்டு பேர் போய் எங்கே படுப்பது? அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, கட்டடத்தின் உரிமையாளரும் சம்மதித்துவிட்டார் என்று அவள் சொன்னாள். அப்படித்தான் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கிற இந்த வண்டி எங்கள் தலையில் விழுந்தது. என் வீட்டுக்காரர் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். வண்டி என்றதும் மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

வண்டி ஓடியது, அவ்வளவுதான். தண்ணீர் பம்பு துருப்பிடித்துக் கிடந்தது. உள்ளே விளக்கெரிய வைக்கும் பேட்டரி செத்துப்போயிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே வெளியை விடச் சூடாக இருந்தது. இவற்றை எல்லாம் மாற்ற வேண்டும், கூரையில் சோலார் பலகை போட வேண்டும், கேஸில் ஓடுகிற வெந்நீர் ஹீட்டர் ஒன்று புதிதாக வைக்க வேண்டும். ஹீட்டர் என் நிபந்தனை. பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வெந்நீர் இல்லாத வண்டியில் நான் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். எல்லோரும் அவரை 'ஒருநாள் மெக்கானிக்' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஒரே நாளில் முடித்துவிடுகிற கெட்டிக்காரர் போலிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். பதினேழு நாள் ஆனது. வேலை எல்லாம் முடிந்த பிறகு, கொடுப்பதற்கு முன்னால், அந்த மனிதர் ஒரு முழு நாள் வண்டிக்குள் குடியிருப்பாராம். முதலில் மேடும் பள்ளமுமான ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டிக் குலுக்குவார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே டீ போடுவார், குளிப்பார், மதியம் ஒரு தூக்கமும் போடுவார். அதனால்தான் அந்தப் பெயர். சாவியைக் கொடுத்தால் குடித்தனமே நடத்துகிறான் பார் என்று நான் பின்னால் சிரித்தேன்.

ஆள் ஐம்பதைத் தாண்டியவர். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். கேஸ் கசிந்தால் கத்துகிற அலாரம் ஒன்றைப் படுக்கைக்குக் கீழே, கணுக்கால் உயரத்தில் வைக்கப் போவதாகச் சொன்னார். கேஸ் கனமானது, தரையில்தான் தேங்கும் என்றார். எண்ணெய் காய்ந்தாலும் கத்தும் அதெல்லாம், எனக்கு வேண்டாம் என்றேன். "கத்துறதுக்கு இந்த வண்டியில நான் ஒருத்தி போதும் தம்பி." என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மெக்கானிக் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் போய்ப் பார்த்தால் அலாரம் இருந்தது.

வேலை முடியப் போகிறது என்று தெரிந்ததும் நான் திரைச்சீலை மாட்டப் போனேன். கீழ் அலமாரிகளில் துணி அடுக்கும்போது காலில் சில்லென்று காற்று அடித்தது. குனிந்து பார்த்தேன். அடுப்புக்குக் கீழே ஒன்று, ஹீட்டருக்குக் கீழே ஒன்று, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று, படுக்கையின் ஓரமாக ஒன்று. தரையில் நான்கு ஓட்டைகள், கீழே ரோடு தெரிந்தது. இத்தனை நாள் எடுத்துக்கொண்டும் தரையை மூடத் தெரியவில்லையே இந்த மனிதருக்கு என்று நினைத்தேன். பச்சைக் குழந்தை வரப்போகிற இடம். தூசி வரும், பூச்சி வரும், குளிர் வரும். அளவெடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பஞ்சு அடைத்து, மேலே ரெக்சின் வைத்து, இரட்டைத் தையல் போட்டு நான்கு மூடி தைத்தேன். மறுநாள் யாருக்கும் சொல்லாமல் நான்கையும் அழுத்திப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தன. சொன்னால் அவர் அலாரத்துக்குச் சொன்னதைப் போல ஏதாவது சொல்வார், எதற்கு வம்பு?

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு மகள் போன் செய்தாள். இரத்த அழுத்தம் ஏறிவிட்டதாம். இன்னும் மூன்று வாரம் காத்திருக்க முடியாது, வியாழன் காலை ஒன்பது மணிக்கு ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் அழவில்லை. "வந்துடுவீங்கல்லம்மா?" என்று மட்டும் கேட்டாள். வந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அந்த ஊருக்கு நேர் பஸ் கிடையாது. மாறி மாறிப் போனால் வெள்ளிக்கிழமை ஆகிவிடும். கேரவனோ வேகமாக விரட்டினால் இருமுகிற வண்டி. உடனே கிளம்பினால் புதன் சாயங்காலம் போய்ச் சேரலாம். சாயங்காலம் கிளம்பினால் வியாழன் விடியும். வழியில் ஒரு டயர் பஞ்சரானால் அதுவும் போச்சு. நேராகப் பட்டறைக்குப் போனோம்.

மெக்கானிக் அப்போதுதான் பள்ளமான ரோட்டில் வண்டியைக் குலுக்கிவிட்டு வந்து நிறுத்தியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். "சாயங்காலம் தரேன் அக்கா. இன்னைக்குப் பகல் நான் இதுல இருந்தாகணும்" என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பட்டறையில் இருந்த ஆட்களெல்லாம் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குப் பேசினேன். பதினேழு நாள் தின்றது போதாதா என்றேன். ஓசியில் குடியிருக்க வேறு வீடு கிடைக்கவில்லையா என்றேன். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து, "ஆக்கப் பொறுத்தவ ஆறப் பொறுக்கக் கூடாதா?" என்று கெஞ்சினார். அவரையும் உதறிவிட்டு, சொல்லக் கூடாததையும் சொன்னேன்.

"பெத்தவளுக்குத்தான் தெரியும் அந்த வலி. உங்களுக்கு என்ன தெரியும்?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பி வந்து, கட்டிய பெட்டியைப் பிரித்துப் பிரித்துக் கட்டினேன்.

மூன்றரை மணிக்கு அவரே கூப்பிட்டார், வரச் சொன்னார். போனால் வண்டியின் கதவு, ஜன்னல், கூரை ஜன்னல் எல்லாம் மழையில் விரியத் திறந்து கிடந்தன. கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே தனியாக வைத்திருந்தார்கள். மெக்கானிக் முகம் வெளுத்திருந்தது.

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். மழை என்பதால் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு மதியம் கண்ணயர்ந்திருக்கிறார். அலாரம் கத்தியிருக்கிறது. எழுந்து சிலிண்டரை மூடிவிட்டு, எல்லாவற்றையும் திறந்துவிட்டு, காற்றோட்டம் ஆன பிறகு குழாய் நெடுகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்திருக்கிறார். ஹீட்டருக்குப் பின்னால், அவரே முடுக்கிய ஒரு நட்டில் நுரை கொப்பளித்ததாம். காலையில் குலுக்கியதில் இளகியிருக்கிறது. தப்பு என்னுடையது என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது முப்பத்தைந்து வருடத்தில் இரண்டு தடவைதான். இது மூன்றாவது. இவ்வளவு நாள் உங்களை நம்பினேனே, இதில்தானே என் பேரக்குழந்தை குளிக்கப் போகிறது, இதில்தானே நாங்கள் படுக்கப் போகிறோம் என்று குரல் உடையக் கத்தினார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

காலையில் நான் பேசியது சரிதான், இவருக்கு நன்றாக வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பொய் சொல்வானேன். தண்ணீர் குடிக்க வண்டிக்குள் ஏறினேன். மூடிகளைப் பொருத்திய அன்று நான் விட்டுப்போயிருந்த தையல் பை இருக்கையில் இருந்தது. ஏதோ திணித்தது போல உப்பியிருந்தது. திறந்தேன். என் நான்கு மூடிகளும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு துணியும் போட்டு மூடி வைக்கப்பட்டிருந்தன.

எனக்குப் புரிந்துவிட்டது. கேஸ் தரையில் தேங்கும் என்று அவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. எங்கேயாவது கசிந்தால் கீழே இறங்கி வெளியே போவதற்காக வைத்த ஓட்டைகள் அவை. நான் பஞ்சு வைத்துத் தைத்து அடைத்திருக்கிறேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். அந்த மனிதர் அதைக் கண்டுபிடித்து, என் வீட்டுக்காரர் கண்ணில் படாமல் என் பைக்குள்ளேயே வைத்துவிட்டு, மழையில் நின்று திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார். காலையில் அவ்வளவு பேசிய எனக்காக.

பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மூடிகளை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"நிறுத்துங்க. கசிஞ்சது அவரு நட்டு. வெளிய போக விடாம அடைச்சது நான்."

என் வீட்டுக்காரர் மூடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மெக்கானிக்தான் முதலில் பேசினார்.

"என் நட்டு இளகினது இளகினதுதான் அக்கா. நீங்க நல்லாத் தைச்சிருக்கீங்க. அதான் கொஞ்சம்கூட வெளிய போகல."

கிண்டலாகச் சொல்லவில்லை. ஒரு வேலைக்காரர் இன்னொரு வேலைக்காரியிடம் சொல்வதைப் போலத்தான் சொன்னார். நான் அங்கேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். காலையில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். வழியில் எங்கேயாவது நிறுத்தி, குளிருக்கு எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு படுத்திருப்போம். அலாரம் கத்தினாலும், என் குணத்துக்கு, எண்ணெய் வாசனைக்குக் கத்துகிறது என்று அதைப் பிடுங்கி எறிந்திருப்பேன். மகள் ஆஸ்பத்திரியில் வாசலைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

அவர் நட்டைக் கழற்றிப் புதிது போட்டார். மறுபடி அதே பள்ளமான ரோட்டில் குலுக்கிக் கொண்டுவந்தார். மறுபடி சோப்புத் தண்ணீர் தடவினார், நுரை வரவில்லை. மணி ஐந்து. கிளம்புங்கள் என்று சாவியை நீட்டினார்.

"இன்னும் ஒரு மணி நேரம் உள்ள இருந்து பாருங்க தம்பி" என்றேன். என் வீட்டுக்காரர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காய்ச்சலா என்று. மெக்கானிக் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஒரு மணி நேரமும் நான் வண்டியை விட்டு நகரவில்லை. ஆறு மணிக்குக் கிளம்பினோம்.

இரண்டு இரவும் சில மணி நேரம்தான் நிறுத்திப் படுத்தோம். தரையிலிருந்து வந்த காற்று காலைக் குத்தியது. கம்பளியை இழுத்து விட்டுக்கொண்டேன். வழியில் என் வீட்டுக்காரர், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த மெக்கானிக்குக்குக் குழந்தை கிடையாது என்று சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். நெஞ்சில் ஊசி உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது போல இருந்தது.

வியாழன் காலை ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தினோம். மகளை உள்ளே கொண்டுபோக இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. என் கையைப் பிடித்தவள் கதவு வரைக்கும் விடவில்லை. ஒன்பதரைக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் சுகம்.

பன்னிரண்டாம் நாள், கட்டடத்துக்குப் பின்னால் நின்ற வண்டியில், குழாயைத் திருகினால் வெந்நீர் வந்தது. முழங்கையை விட்டுச் சூடு பார்த்துப் பேத்தியைக் குளிப்பாட்டினேன். வண்டியே அதிரக் கத்தினாள், என் வாரிசுதான். துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டதும் மனசு நிறைந்தது. இந்த வெந்நீர், இந்த மடி, இந்தக் குழந்தையின் தாத்தாவும் நானும் உயிரோடு இங்கே இருப்பது, எல்லாம் அந்த மனிதர் போட்ட பிடிவாதம். மகளிடம் வீடியோ கால் போடச் சொன்னேன்.

திரையில் மெக்கானிக்கின் முகம் வந்தது, கன்னத்தில் கிரீஸ். குழந்தையைக் காட்டினேன். ஹீட்டர் நன்றாக ஓடுகிறதா, அலாரத்தை அவ்வப்போது அழுத்திப் பார்க்கிறீர்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். பிறகு ஒருவழியாக வாயைத் திறந்தேன்.

"தம்பி, அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க."

"எதைக்கா? அன்னைக்கு நிறையச் சொன்னீங்களே."

பின்னால் என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பெத்தவளுக்குத்தான் தெரியும்னு சொன்னேனே, அது. பெத்தவளுக்குத் தெரியல தம்பி. உங்களுக்குத்தான் தெரிஞ்சுது."

அவர் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார், கிரீஸ் இன்னும் பரவியது. பிறகு திரையைக் கிட்டத்தில் கொண்டுவந்து குழந்தையைப் பார்த்தார்.

"பாப்பாவுக்குத் தலை ஈரமா இருக்கு பாருங்க அக்கா. நல்லாத் துவட்டி விடுங்க."