மஞ்சள் போர்வையின் கடைசி எழுத்து

“கடைசி எழுத்த மட்டும் விட்டுட்டு மிச்சத்தப் பிரிக்க முடியுமா?”

எம்பிராய்டரி கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போர்வையோடு வந்த அக்கா இப்படிக் கேட்டபோது, தையல் பெண்ணுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முந்தின வருடம் அதே கடையில் பெயர் தைத்த மஞ்சள் குழந்தைப் போர்வை. அந்தப் பெயருக்குரிய குழந்தை ஒன்பது நாள்தான் உயிரோடு இருந்தாள். அடுத்துப் பிறந்தவளுக்கும் ‘னி’ என்றே முடிகிற பெயர்.

“புதுசா ஒண்ணு வாங்கிக்கலாமேக்கா?”

“அந்த ஒரு எழுத்தாவது அவ அக்காவோடதா இருக்கட்டும்மா.”

பிரித்துத் தைத்தாள். அந்த இரண்டாவதும் தங்கவில்லை.

இன்றைக்கு மூன்றாவது, அக்காவின் தோளில் தூங்குகிறது. நாற்பது நாள் தாண்டிவிட்டது. கூடவே நாத்தனார்.

“இந்தா பொண்ணு, இதான் பேரு.” நாத்தனார் சீட்டை நீட்டினாள். அதில் ‘னி’ இல்லை. “ரெண்டு பிள்ளைய முழுங்கின எழுத்து. அதையும் பிரிச்செடு.”

“சின்னப் பேரா வெச்சிருக்கீங்க, நூல் மிச்சம்” என்று சிரித்த கடை மாஸ்டர், யாரும் சிரிக்காததால் இயந்திரத்துக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

அக்கா போர்வையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல் பெண் போர்வையை எம்பிராய்டரி வளையத்தில் மாட்டி, பழைய நூலைப் பிரித்தாள். ‘னி’ தனியாக நின்றது. வெளிச்சத்துக்காக ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தாள். ஊசித் துளைகளின் வழியே வெயில் ஒழுகியது. முதல் பெயரும் இரண்டாவது பெயரும் ஒன்றன்மேல் ஒன்றாக, புள்ளி புள்ளியாக எழுந்து வந்து அந்த எழுத்தோடு சேர்ந்துகொண்டன. இரண்டு பிள்ளைகள் கைகோத்து நிற்பதுபோல இருந்தது.

“என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? பிரி!”

“இதுக்கு மேல பிரிச்சா துணி கிழிஞ்சிடும்” என்றாள். பொய். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

“கிழியட்டுமே! நாலு தெரு தள்ளி புதுசு கெடைக்காதா?”

நூல் பிரிக்கும் கொக்கியை எழுத்தின் அடியில் நுழைத்தாள். ஒரே ஒரு இழை அறுந்தது.

அந்தச் சின்னச் சத்தத்துக்கு அக்கா நிமிர்ந்தாள். எட்டி, வளையத்தோடு போர்வையைப் பிடுங்கினாள். வளையத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ‘னி’ குழந்தையின் நெஞ்சின்மேல் வரும்படி சுற்றினாள்.

“ஏய், எங்கடி போற? உன்னத்தான்!”

நாத்தனார் கத்திக்கொண்டே இருக்க, அக்கா படியிறங்கிப் போனாள்.