நாலு மில்லி

பழைய பலகையை ஸ்கேன் பண்ணிய மெஷின்காரர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டியதும் தங்கச்சி கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்தாள்.

திரையில் இருந்தது இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் செய்த அலைச்சறுக்குப் பலகை. அதில் ஏறி ஒருவன் பெரிய பந்தயத்தில் ஜெயித்து, அண்ணன் பேர் எங்கெங்கோ அடிபட்டது. விற்றுப்போன அந்தப் பலகை, அச்சு அசலாக இன்னொன்று செய்வதற்காக இப்போதுதான் பட்டறைக்குத் திரும்பியிருக்கிறது. மெஷின் ஃபோம் கட்டையைச் செதுக்கிக் கொடுக்கும். கடைசித் தேய்ப்பு அண்ணன் கையால்.

"இங்க பாருங்கக்கா. வலது பக்கம் வழவழன்னு இருக்கு. இடது ஓரத்துல, வால் பக்கம் நாலு மில்லி பள்ளம். யாரோ கை தவறித் தேய்ச்சிருக்காங்க. வலதை அப்படியே இடதுக்குத் திருப்பிப் போட்டுடட்டுமா?"

அந்த யாரோ அவள்தான்.

அந்தப் பலகை செய்த அன்றைக்கு நாலு பேர் முன்னால், "உனக்குத் தேய்க்கத்தானே தெரியும்" என்று அண்ணன் சிரித்துவிட்டுப் போனான். அந்த ஆத்திரத்தில் தேய்ப்பு மெஷினை அழுத்தினாள். ஃபோம் வெண்ணெய் மாதிரி இறங்கிவிட்டது. அரக்கப்பரக்க உப்புத்தாள் போட்டுச் சுற்றிலும் சரித்து, அண்ணன் திரும்புவதற்குள் கண்ணாடி நாரை ஒட்டி ரெசினும் பூசிவிட்டாள்.

பிறகு அண்ணன் அந்தப் பலகைக்கு வெட்டிய அதே அட்டை அளவை வைத்துப் பதினோரு பலகை செய்தான். ஒன்றுகூட அலையில் அதைப் போலத் திரும்பவில்லை. அவன் கை போய்விட்டது என்று வாடிக்கையாளர்கள் சொன்னார்கள். அவனும் நம்பிவிட்டான். "நேரம் சரியில்லண்ணே" என்று ஆறுதல் வேறு சொன்னாள் இவள்.

"போட்டுடுங்க" என்றாள் இப்போது. பள்ளம் திரையிலிருந்து மறைந்தது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தான். "என்னப்பா, என் வண்டவாளம் எல்லாம் தெரிஞ்சுதா?"

"சின்னக் கோளாறுண்ணே. சரிபண்ணியாச்சு" என்றார் மெஷின்காரர்.

"இதுவும் வரலன்னா பட்டறையை மூடிட்டு உனக்கு டீ வாங்கித் தர வேலைக்கு வந்துடறேன்." மெஷின்காரர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

"வராதுண்ணே" என்றாள் அவள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருடி."

"அவர் சரிபண்ணது கோளாறு இல்ல. அந்தப் பள்ளத்தாலதான் பலகை அப்படித் திரும்புச்சு. அது நான் தேய்ச்சது. கோபத்துல. உன்கிட்ட மறைச்சுட்டேன்."

மெஷின்காரருக்குத் திடீரென்று ஒரு ஒயரைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. அண்ணன் பழைய பலகையைக் கவிழ்த்து, இடது ஓரத்தைத் தடவினான். கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது.

"பதினோரு பலகைடி" என்றான் மெதுவாக. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

"பள்ளத்தைத் திரும்பக் கொண்டுவாப்பா" என்று மெஷின்காரரிடம் சொன்னான். பிறகு இவள் பக்கம் திரும்பாமலே, "கடைசித் தேய்ப்பு நீயே தேய்ச்சுடு" என்றான்.

காதில் செருகியிருந்த பென்சிலை, செய்து முடித்த பலகையில் தன் பேரை எழுதும் அந்தப் பென்சிலை, அவள் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனான்.

அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை.