எங்க வீட்டுப் பருப்பு சூப்

விடிந்தால் கடைத்திறப்பு. வாசலில் பலகை மாட்டியாகிவிட்டது. பச்சைப் பலகை, மஞ்சள் எழுத்து: ‘எங்க வீட்டுப் பருப்பு சூப்’. எதிரே பஸ் டிப்போவில் வேலை முடிந்து வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, “நாளைக்குத்தானேக்கா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். நான் பல்லைக் காட்டித் தலையாட்டுகிறேன். ஆனால் எங்கள் வீட்டுப் பருப்பு சூப் எனக்கு இன்னும் வைக்க வரவில்லை.

சமைக்கத் தெரியாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆபீஸ் வேலையை உதறிவிட்டுக் கடை போடுகிறவளுக்கு அடுப்படி தெரியாமல் இருக்குமா? கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே புதினா இன்று பறித்ததா நேற்றுப் பறித்ததா என்று சொல்வேன். வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் செடித்தொட்டி வைக்க இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். குளியலறைக் கதவு சாத்துகிறதா என்பதையெல்லாம் என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்ததே அந்த ஒரு சூப்பால்தான். நாங்கள் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தபோது, பள்ளிக்கூடம் போகாத வயதில் குடித்தது. ருசி நாக்கிலேயே தங்கிவிட்டது. ஆனால் தலைகீழாக நின்றாலும் என் கைக்கு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

அந்த வீட்டில் பெண்கள் மூன்று பேர். பெரியம்மா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை. சூப் யாருடையது என்று கேட்டால் மூன்று பேருமே தன்னுடையது என்பார்கள். மற்ற இரண்டு பேரும் சும்மா கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களாம். போனில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பக்குவம் கேட்டுச் செய்து பார்த்துவிட்டேன். வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் “நல்லாத்தானே இருக்கு” என்றார். அந்த மனிதரை நம்பிக் கடை போட முடியாது, வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாலும் அதையேதான் சொல்வார்.

அதனால்தான் மூன்று பேரையும் இன்றைக்குக் கடைக்கே வரவழைத்தேன். அத்தை வெறும் கையோடு வரவில்லை. ஒரு கற்பூரவல்லித் தொட்டியை இடுப்பில் பிள்ளையைப் போல இடுக்கிக்கொண்டு வந்தாள். வாசலில் வைத்தால் வருகிறவர் காலில் இடிக்கும் என்று நான் சிடுசிடுக்க, பின்பக்கம் குழாயடியில் கொண்டுபோய் வைத்தாள்.

மூன்று அடுப்பு, மூன்று பானை. பெரியம்மா புதினாவைக் கிள்ளிப் போட்டாள். அம்மா எலுமிச்சை இலையை நரம்பு நீக்கிப் போட்டாள். அத்தை கொத்தமல்லித் தண்டையும் பூண்டையும் தட்டிப் போட்டாள். மூன்றையும் வாங்கிக் குடித்தேன். மூன்றும் நல்ல சூப்தான், ஆனால் நான் தேடியது எதிலும் இல்லை.

“உனக்கு நாக்கு மரத்துப் போச்சுடி,” என்றாள் பெரியம்மா.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க கைதான் மாறிப்போச்சு,” என்றேன். பெரியம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். “சரி, நீங்கதானே மூத்தவங்க. பெரிய பானையில நீங்களே இன்னொரு தடவை வைங்க,” என்று சொல்லிவிட்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனேன்.

குழாயடியிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாக அடுப்படி தெரியும்.

பெரியம்மா புதினாவைப் போட்டு மூடினாள். அம்மா மெதுவாக, “அக்கா, வாசல்ல யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே,” என்றாள். பெரியம்மா எட்டிப் பார்க்கப் போனதும் அம்மா மூடியைத் தூக்கினாள், கைக்குட்டையிலிருந்து எலுமிச்சை இலையை உள்ளே விட்டாள், மூடினாள். மூச்சுக்கூட விடவில்லை. பெரியம்மா திரும்பி வருவதற்குள் அத்தை, “சின்ன அண்ணி, பைக்குள்ள உங்க போன் அடிக்குது பாருங்க,” என்றாள். அம்மா பையைக் குடையும் நேரத்துக்குள் தட்டிய கொத்தமல்லித் தண்டும் பூண்டும் பானைக்குள் போய்விட்டன. நேற்று இன்று வந்த பழக்கமாகத் தெரியவில்லை.

ஈர முகத்தோடு உள்ளே பாய்ந்தேன். “கையும் களவுமாப் பிடிச்சாச்சு. எல்லாரும் நில்லுங்க.”

ஜன்னல் வழியாகப் பார்த்ததையெல்லாம் போட்டு உடைத்தேன். பெரியம்மா இடுப்பில் கை வைத்தாள். “இத்தனை வருஷமா என் பானையில கை வச்சீங்களாடி?”

“நீங்க வைக்கிறது வெறும் புதினாத் தண்ணி அக்கா. பாவம்னு ஒரு இலை போட்டேன்,” என்றாள் அம்மா.

“ஒரு இலை போட்டா சூப் ஆயிடுமா? நான் தட்டிப் போட்டதாலதான் அண்ணனுங்க ரெண்டு பேரும் குடிச்சாங்க,” என்றாள் அத்தை.

அவர்கள் அடித்துக்கொள்ளட்டும் என்று நான் கரண்டியை எடுத்துக் குடித்தேன். கிட்டத்தட்ட அதே ருசி. வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே வராமல் நிற்கிறது. இன்னும் ஏதோ ஒன்று இல்லை. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாளைக்கு அந்தப் பலகையின் கீழே நின்று ஊரை ஏமாற்ற வேண்டும் என்பதற்காகக்கூட இல்லை. இதற்காகத்தானே இவ்வளவும் செய்தேன்.

“இன்னும் ஒண்ணு குறையுது. யாரு மறைக்கிறது? இப்பவாவது சொல்லித் தொலைங்களேன்,” என்றேன்.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அத்தைதான் வாயைத் திறந்தாள். “நாங்க எதையும் மறைக்கல. அது நீ போட்டது.”

“நானா?”

“இறக்கி ஆறவச்ச பானைகிட்ட பூனை மாதிரி வருவே. குழாயடியில கற்பூரவல்லி இருந்துச்சு, உன் உயரத்துக்கு அதுதான் எட்டும். கை நிறையப் பிச்சு, கசக்கி, உள்ள போட்டுட்டு ஓடிருவே. கழுவக்கூட மாட்டே, மண்ணோட போடுவே.”

“உனக்கும் தெரியுமா?” பெரியம்மா அத்தையைப் பார்த்தாள். “நான் மட்டும்தான் பாத்தேன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்.”

“நானும்தான் அக்கா,” என்றாள் அம்மா. “பள்ளிக்கூடத்துல சேத்ததும் மறந்துட்டா.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். “ஒருத்தர் போட்டதை ஒருத்தர் பொறுக்காத ஆளுங்க நீங்க. என்னை மட்டும் ஏன் தடுக்கல?”

“போட்டுட்டுக் கதவு இடுக்குல நின்னு எங்க மூஞ்சியையே பாப்பே,” என்றாள் பெரியம்மா. “நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா அன்னைக்குப் பூரா உன்னைக் கையில பிடிக்க முடியாது. அதைப் போய் யாருடி தடுப்பா? அதான் நீ வந்தா நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்.”

எழுந்து பின்பக்கம் போனேன். யாருக்கும் எதுவும் கற்றுக்கொடுத்ததாக அவர்கள் ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. எனக்கு எல்லாமே அவர்கள் அப்படித் திரும்பிக்கொண்டதில்தான் கிடைத்திருக்கிறது. சண்டைக்காரிகள் மூன்று பேரையும் கட்டிக்கொண்டு அழலாம் போல இருந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் குனிந்து, தொட்டியிலிருந்து கை நிறைய இலையைப் பறித்தேன்.

உள்ளே வந்தபோது பானை அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. என் கையைப் பார்த்ததும் பெரியம்மா அலமாரி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தாள். அம்மா பைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். அத்தை வெள்ளையடித்த வெறும் சுவரை அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையைக் கசக்கிப் போட்டேன். கொஞ்சம் பொறுத்து, ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன்.

அதேதான்.

இன்னும் ஒருவரும் திரும்பவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“இந்தத் தடவை கழுவிட்டேன்,” என்றேன்.